சிஸ்டர்கள் தோட்டத்தில் நான் கூட்டிய வாசல்

வியாழக்கிழமை மத்தியானம் ஒன்றே முக்காலுக்குச் சிங்காநல்லூரில் பஸ் ஏறினேன். மே மாதம். கம்பியைத் தொட்டால் கை சுட்டது. காந்திபுரத்துக்கு ஒன்பது கிலோமீட்டர், டிக்கெட் ஒன்றரை ரூபாய். மடியில் ஒரு பை. அதில் மாற்றுச் சேலை ஒன்று, செபமாலை, மகளுக்கென்று வாங்கிய தேங்காய் பன் நான்கு. பன் ஒன்று இரண்டரை ரூபாய்.

என் மகள் கன்னியர் மடத்துச் சிஸ்டர். வீட்டில் சீலி, மடத்தில் சிஸ்டர் ஜெயசீலி. தொண்டாமுத்தூர் தாண்டி மலை அடிவாரத்தில் அவர்கள் மடத்துக்கு ஒன்பது ஏக்கர் தோட்டம் இருக்கிறது. பதினோரு வருடமாக அதைப் பார்த்துக்கொள்வது அவள்தான். என் அப்பனும் ஆத்தாளும் அடுத்தவர் காட்டில் களை பறித்தே செத்தார்கள். நான் முப்பத்திரண்டு வருடம் மில்லில் நூல் சுற்றினேன். என் வயிற்றில் பிறந்தவள் ஒன்பது ஏக்கரை ஆள்கிறாள் என்று நான் எங்கள் வீதியில் சொல்லாத ஆள் இல்லை. அதை ஏன் மறைக்க வேண்டும்?

அவள் போட்ட கடிதத்தால்தான் கிளம்பினேன். நான் எழுத்துக் கூட்டித்தான் வாசிப்பேன். ஆனாலும் அவள் கடிதத்தைப் பிறரிடம் கொடுத்துப் படிக்கச் சொல்ல மாட்டேன். நாலு வரிக்கு ஒரு பொழுது ஆனது. "முடிஞ்சா இந்த வாரமே வாம்மா. தோட்டத்தைப் பார்த்துட்டுப் போ. அப்புறம் எப்படி இருக்குமோ தெரியல" என்று எழுதியிருந்தாள். அங்கே டெலிபோன் கிடையாது. என்ன ஏது என்று கேட்க வழியில்லை.

காந்திபுரத்தில் நரசீபுரம் பஸ்ஸுக்கு முக்கால் மணி நேரம் நின்றேன். இடம் கிடைத்தது. டிக்கெட் மூன்றே கால். வடவள்ளி தாண்டியதும் காற்று கொஞ்சம் மாறும் என்று நினைத்திருந்தேன். மாறவில்லை. இரண்டு பக்கமும் தோட்டங்கள் உழுது வெடித்துக் கிடந்தன. வழியெல்லாம் போர்வெல் லாரிகள் நின்றன. தொண்டாமுத்தூர் பக்கத்தில் ஒரு தென்னந்தோப்பில் பாதி மரத்துக்குத் தலை இல்லை. மலை மட்டும் நீலமாக, ஒன்றும் தெரியாததுபோல் நின்றது.

கண்டக்டர் சின்ன வயசுக்காரர். "சிஸ்டரம்மா தோட்டம் எறங்கறவங்க முன்னால வாங்க" என்று கூப்பிட்டார். நான் எழுந்தேன்.

"ஏனுங்க ஆத்தா, சிஸ்டரம்மாவுக்கு ஒறவுங்களா?"

"என்ற மகளுங்க" என்றேன். கொஞ்சம் சத்தமாகத்தான் சொன்னேன்.

"அப்படீங்ளா! அப்ப ஒண்ணு சொல்லோணுமுங். அந்த அம்மாங்களுக்கு ஒரு சீமாறு வாங்கிக் குடுங்க. கேட்டுக்குள்ள மொழங்கால் மட்டும் தழை கெடக்குது. பாம்பு குடித்தனம் பண்ணுமுங்."

பின்சீட்டில் ஒரு பெண்பிள்ளை, "சாமி கும்பிடறதுக்கே நேரம் பத்தலையாமா. கூட்டறது எங்க?" என்றாள். பஸ்ஸே சிரித்தது. நான் திரும்பிப் பார்க்காமல் இறங்கினேன். சீமாறு என்று எங்கள் பக்கம் விளக்குமாற்றைச் சொல்வோம். எனக்கு முகம் எரிந்தது, வெயிலால் அல்ல.

மணி நாலரை. ரோட்டிலிருந்து கேட்டுக்கு அரை பர்லாங் தூரம்தான். பதினோரு வருடத்துக்கு முன் நான் ஒருமுறை வந்தபோது இது பொட்டல். கடப்பாரை போட்டால் நெருப்புப் பறக்கும். இப்போது கேட்டைத் திறந்தால் வேம்பு, புங்கம், மா, நாவல் என்று இருட்டாக இருந்தது. மடத்துக் கோயில் கண்ணுக்கே தெரியவில்லை. கண்டக்டர் சொன்னது பொய்யில்லை. நடக்கிற தடம் ஒன்று விட்டு, இரண்டு பக்கமும் காய்ந்த தழை குவிந்து கிடந்தது. வருகிறவர்கள் முதலில் பார்ப்பது இதைத்தானே என்று எனக்கு வருத்தம்.

சீலி மண்வெட்டியோடு வந்தாள். வெள்ளைச் சேலையை முழங்காலுக்கு மேல் சொருகியிருந்தாள். பாதம் வெடித்து எங்கள் ஆத்தாள் பாதம்போல் இருந்தது. மற்றவர்கள் முன்னால் நான் அவளை "சிஸ்டர், நல்லாருக்கீங்களா" என்றுதான் கேட்பேன். தனியாக இருந்தால் கண்ணு.

மடத்தில் சிஸ்டர்கள் நான்கு பேர். சமையல் பார்ப்பது பெர்னா சிஸ்டர், எழுபது வயது, என்னைவிட இரண்டு வயது பெரியவர். அங்கே எதையும் வீசுவதில்லை. இரண்டு மாட்டுச் சாணத்தில் வாயு எடுத்து அடுப்பு எரிக்கிறார்கள். பாத்திரம் கழுவிய தண்ணீர் கல்வாழைக்குப் போய், அங்கே தெளிந்து கீரைப் பாத்திக்குப் போகிறது. வந்த கடித உறையைப் பிரித்து உள்பக்கத்தில் எழுதுகிறார்கள். குளிக்க ஆளுக்கு ஒரு வாளிதான்.

"மில்லு கோட்டர்ஸ்ல கூட ரெண்டு வாளி குடுத்தாங்களே" என்றேன்.

"நீங்க விருந்தாளிங்க. ஒண்ணே கால் வாளி எடுத்துக்கோங்க" என்றார் பெர்னா சிஸ்டர். அவர் சிரிக்காமல்தான் கேலி பேசுவார்.

பொழுது சாய்கிற நேரத்தில் சீலி என்னைப் பின்பக்கம் கூட்டிப்போனாள். அங்கே நாலு ஏக்கர் தென்னையும் காய்கறியும். முன்பக்கம் ஐந்து ஏக்கர் மரங்கள். அங்கேதான் விஷயத்தைச் சொன்னாள். பக்கத்துத் தோட்டத்துக்காரர் வாழை போடுகிறவர். இந்தப் பின்னால் நாலு ஏக்கரைக் குத்தகைக்குக் கேட்கிறார். மடங்களுக்கெல்லாம் தலைவியான பெரிய மதர் நாளைக்குப் பத்து மணிக்கு அவரோடு வந்து பார்த்து முடிவு சொல்லப்போகிறார்.

"குடுத்தா என்ன கண்ணு ஆயிரும்?"

"அவரு மருந்தும் உரமும் போடுவாரும்மா. மூணு போரு போடுவாரு. வாழைன்னா ஆனை எறங்கும். ஆனைக்குக் கரண்டுக் கம்பி போடுவாரு. பதினோரு வருசமா நான் இந்த மண்ண எப்படி எப்படி..." என்று நிறுத்தினாள். குனிந்து ஒரு தென்னை அடியில் தழையை விலக்கி ஒரு பிடி மண் எடுத்து என் கையில் வைத்தாள். கறுப்பாக, ஈரமாக, பிசைந்த ராகி மாவுபோல் இருந்தது. உள்ளே ஒரு புழு நெளிந்தது. அந்தப் பக்கம் வேலிக்கு அப்பால் இருந்த மண் சாம்பல் நிறம்.

"இத மதருக்குக் காட்டப்போறேன். தண்ணி பாய்ச்சி ஒம்பது நாளாச்சு, இன்னும் ஈரம். இத ஒரு தடவ கையில வாங்கிப் பார்த்தாங்கன்னா போதும்."

"முன்னால இருக்கறத அவரு கேக்கலையா?"

"அத ஆரு கேப்பாங்க? வெறும் தழைக் காடுன்னு நெனைச்சிருக்காரு. அது தப்பிச்சுது."

நான் அதைக் காதில் வாங்கினேன். மனதில் வாங்கவில்லை. என் மனது கேட்டிலேயே இருந்தது. பெரிய மதர் வருகிறார், அவரோடு ஒரு தோட்டத்துக்காரர் வருகிறார். வாசல் இப்படிக் கிடக்கிறது. பஸ்ஸில் சிரித்ததுபோல் அவர்களும் உள்ளுக்குள் சிரிப்பார்கள். வாசலைக் கூட்டத் தெரியாதவளுக்குத் தோட்டம் எதற்கு என்று நினைப்பார்கள். அப்படித்தான் என் புத்தி போனது. காட்டில் கிடக்கிற தழை காட்டுக்கு வேண்டும் என்று எனக்குப் புரிந்தது. வாசல் வேறு அல்லவா?

இரவு செபத்துக்கு முன் சீலி சொன்னாள்: "இனிக் காலைச் சாப்பாடு வரைக்கும் நாங்க பேச மாட்டோம்மா. அதுக்குப் பேரே பெரிய மௌனம். ஏதாச்சும் வேணும்னா கையக் காட்டு."

வெள்ளிக்கிழமை விடியற்காலை ஐந்தே காலுக்கு அவர்கள் நான்கு பேரும் கோயிலுக்குள் போனார்கள். செபம், பிறகு தியானம். ஏழு மணி வரை வெளியே வரமாட்டார்கள். நான் பின்னால் வெந்நீர் அடுப்பு இருக்கும் பொடக்காளிக்குப் போனேன். அங்கே மாட்டுக் கொட்டகைச் சீமாறு சாய்த்து வைத்திருந்தது.

கேட்டிலிருந்து தொடங்கினேன். சேலையை இழுத்துச் சொருகிக்கொண்டு, இடது பக்கம் ஒரு வரிசை, வலது பக்கம் ஒரு வரிசை. மேல் தழை சலசலவென்று வந்தது. அடித் தழை ஈரமாக, ஒன்றோடொன்று ஒட்டிப் பாய்போல் கிடந்தது. அதைக் காலால் புரட்டி, சீமாற்றின் அடிப்பக்கத்தால் சுரண்டி எடுத்தேன். பதினோரு வருட அழுக்கு என்று நினைத்தேன். கீழே சின்னச் சின்ன வேப்பங்கன்று, நாவல் கன்று முளைத்திருந்தன. அவையும் தழையோடு வந்தன. எனக்கு இடுப்பு விட்டுப்போயிற்று. நிறுத்தவில்லை. மைனாக்கள் முப்பது நாற்பது கூட்டமாக இறங்கி என் பின்னாலேயே நடந்து வந்தன. சுத்தம் செய்த இடத்துக்குப் பறவைகூட வருகிறது பார் என்று சந்தோஷப்பட்டேன். அவை புழுவைக் கொத்திக்கொண்டிருந்தன என்பது பிறகுதான் தெரிந்தது.

ஆறு மணி இருக்கும். வெளிச்சம் வந்துவிட்டது. கோயில் ஜன்னலில் பெர்னா சிஸ்டர் என்னைப் பார்த்தார். இரண்டு கையையும் தூக்கி வேண்டாம் வேண்டாம் என்று ஆட்டினார். நம் பக்கத்தில் விருந்துக்கு வந்தவர் சீமாற்றைத் தொட்டால் வீட்டுக்காரர்கள் "அட உடுங்க, உடுங்க" என்று பிடுங்க வருவார்கள். நாமும் விடாமல் கூட்டுவோம். அதுதானே மரியாதை. நான் சிரித்துக் கையெடுத்துக் கும்பிட்டுவிட்டு இன்னும் வேகமாகக் கூட்டினேன். அவர் மறுபடி ஆட்டினார். வாயைத் திறக்கவில்லை. நாற்பத்தைந்து வருடமாகக் காத்த மௌனம் அது. பிறகு அவர் தலையைக் குனிந்துகொண்டார். அவர் எழுந்து வந்து ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம் என்று நான் குறை சொல்லப்போவதில்லை. செய்தது நான்.

தழை மலைபோல் சேர்ந்தது. கேட்டுக்குப் பக்கத்தில் குவித்து, அடுப்படித் தீப்பெட்டியால் பற்றவைத்தேன். மேல் தழை காய்ந்தது, நெருப்பு ஆள் உயரம் எழுந்தது. மேலே புங்கமரத்துக் கிளை ஒன்று சுருண்டு கருகியது. அடித் தழை புகைந்தது. அந்தப் புகைதான் கோயிலுக்குள் போயிருக்க வேண்டும்.

சீலி ஓடிவந்தாள். காலில் செருப்பில்லை.

"ஏம்மா!"

அவ்வளவுதான். அவளும் மௌனத்தில் இருக்க வேண்டியவள், அதை உடைத்துவிட்டாள். மாட்டுத் தொட்டியிலிருந்து இரண்டு வாளி மொண்டு வந்து ஊற்றினாள். பிறகு கூட்டிய இடத்தைப் பார்த்தாள். கேட்டிலிருந்து கோயில்படி வரைக்கும் இரண்டு பக்கமும் எங்கள் வீதி வாசல்போல் நான் வழித்து வைத்திருந்தேன். அவள் மண்டி போட்டு உட்கார்ந்து, மண்ணில் கையை விரித்து வைத்தாள். காய்ச்சல்காரர் நெற்றியில் வைப்பதுபோல். ஒரு மைனா அவள் கைக்கு ஒரு அடி தள்ளிக் கொத்திக்கொண்டிருந்தது.

"கண்ணு, மதர் வாராங்களேன்னு..." என்றேன்.

அவள் என்னைப் பார்க்கவில்லை. எழுந்து போய்க் கூடை எடுத்தாள். மற்ற சிஸ்டர்களும் எடுத்தார்கள். பின்பக்கத்திலிருந்து தழையை அள்ளி வந்து முன்பக்கம் பரப்ப வேண்டும், பத்து மணிக்குள். நானும் ஒரு கூடை எடுத்தேன். பெர்னா சிஸ்டர் என் கூடையின் ஒரு பக்கத்தைப் பிடித்துக்கொண்டார்.

ஆனால் எட்டே காலுக்கே ஜீப் வந்துவிட்டது. வெயிலுக்கு முன் வந்துவிடலாம் என்று புறப்பட்டார்களாம். நாங்கள் கூடையோடு நின்றோம். பெரிய மதர் மூட்டு வலிக்காரர், கைத்தடி ஊன்றி இறங்கினார். சுற்றிப் பார்த்தார். அவர் முகம் மலர்ந்தது.

"அடடா, இன்னைக்குத்தான் கேட்டுகிட்ட இருந்து கோயிலுக்குச் சுத்தமா வழி தெரியுது. இது மடம் மாதிரி இருக்கு, சிஸ்டர்! எதுக்கு மறுபடியும் குப்பையைக் கொண்டுவரீங்க?"

"மதர், அது குப்பை இல்லைங்க" என்றாள் சீலி.

எனக்குப் பொறுக்கவில்லை. "மதர், இத நாந்தானுங்க கூட்டினேன். சிஸ்டருக்குத் தெரியாது. நான் தப்புப் பண்ணிப்போட்டேனுங்" என்றேன். யார் முன்னாலும் அப்படிச் சொன்னவள் இல்லை நான்.

"தப்பா? நல்ல காரியம்மா. தாயோட கை தாயோட கைதான்" என்று மதர் என் தோளைத் தட்டினார். அந்தத் தட்டு எனக்கு இன்னும் வலிக்கிறது.

ஜீப்பின் பின்னாலிருந்து அந்தத் தோட்டத்துக்காரர் இறங்கினார். வெள்ளை வேட்டி. ஐம்பது வயது இருக்கும். அவரைப்போன்ற தோட்டத்துக்காரர்களை என் ஆத்தாள் பண்ணாடி என்று கும்பிட்டுக் கூப்பிடுவாள். நான் கும்பிடவில்லை.

சீலி பின்பக்கம் போகலாம் என்று மதரைக் கூப்பிட்டாள். மதர் தன் முட்டியைக் காட்டி, அவ்வளவு தூரம் முடியாது என்றார். சீலி ஓடிப்போய் முறம் நிறைய மண் எடுத்து வந்தாள். மதர் அதை இரண்டு விரலால் தொட்டுப் பார்த்தார்.

"நல்லா இருக்கு. ஈரமா இருக்கு. கொஞ்சம் தோண்டினா எல்லா மண்ணுலயும் ஈரம் இருக்கும், சிஸ்டர்" என்று சொல்லி, கைக்குட்டையில் விரலைத் துடைத்துக்கொண்டார். கெட்ட மனது இல்லை அவருக்கு. வயதான சிஸ்டர்கள் இருபது பேர் படுக்கையில் இருக்கிறார்கள், அவர்கள் வீட்டுக் கூரை ஒழுகுகிறது, குத்தகைப் பணம் அதற்குத்தான் என்று அவர் சொன்னார்.

நான் அந்த மனிதரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் முறத்துப் பக்கம் வரவே இல்லை. நான் கூட்டிய இடத்தில் நின்றுகொண்டிருந்தார். செருப்பைக் கழற்றினார். வெறுங்காலால் மண்ணை அழுத்தினார். குனிந்து ஒரு பிடி எடுத்தார். பிசைந்தார், மோந்தார், நாக்கு நுனியில் வைத்துப் பார்த்தார். மரங்களை ஒவ்வொன்றாக எண்ணுவதுபோல் பார்த்துக்கொண்டே கோயில்படி வரைக்கும் நடந்து திரும்பினார். என் பக்கத்தில் வந்ததும் மெதுவாக, எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி சொன்னார்:

"இத்தனை வருசமா பக்கத்துல இருக்கறனுங். இதுக்கடியில இப்படியொரு மண்ணு இருக்கும்னு தெரியாமப் போச்சு பாருங்க. ரெண்டு வருசத்துக்கு உரமே வேண்டாமுங்."

அவர் அதை மதரிடம் சொல்லவில்லை. மதரிடம், "முன்னாலயும் சேர்த்தே எடுத்துக்கறனுங் மதர். சும்மா கெடக்கற எடந்தானுங்களே. மரத்த நானே வெட்டிக்கறேன், உங்களுக்குச் செலவில்ல" என்றார்.

சீலி பதினோரு வருடம் செய்த மண்ணை, அன்றைக்கு அங்கே நின்றவர்களில் சரியாகக் கண்டுகொண்டவர் அவர் ஒருவர்தான். தழை மூடியிருந்த வரைக்கும் அவருக்கும் தெரியவில்லை. திறந்து காட்டியது நான்.

மதர் சீலியைப் பார்த்தார். "கோயிலுக்குப் பின்னால அரை ஏக்கர் உங்க கீரைக்கு வெச்சுக்கங்க, சிஸ்டர். மூணு வருஷம்தானே. என்ன சொல்றீங்க?"

கீழ்ப்படிதல் என்று வார்த்தைப்பாடு கொடுத்தவள் என்ன சொல்வாள். "சரிங்க மதர்" என்றாள். முறத்தைக் கீழே வைக்காமல் அப்படியே பிடித்துக்கொண்டு நின்றாள். பிறகு அந்த மண்ணைத் திரும்பப் பின்பக்கம் கொண்டுபோய், எடுத்த இடத்திலேயே கொட்டிவிட்டு வந்தாள். அந்த இடமும் அவர் கைக்குத்தான் போகிறது.

ஜீப் போனபோது மணி ஒன்பதரை. பெர்னா சிஸ்டர் எனக்கு இட்லி வைத்தார். "நான் வாயத் தொறந்திருக்கோணும் அம்மணி" என்றார். நான் ஒரு இட்லியோடு எழுந்தேன்.

இரண்டு நாள் இருப்பதாக வந்தவள் அன்றைக்கே கிளம்பினேன். பதினொன்றே காலுக்குப் பஸ். சீலி பையைத் தூக்கிக்கொண்டு கூட வந்தாள். கேட்டைத் தாண்டும்போது சாம்பல் இன்னும் புகைந்தது. ரோட்டோரம் நிழல் இல்லை. இரண்டு பேரும் வெயிலில் நின்றோம்.

"நான் கூட்டாம இருந்தாலும் பின்னால நாலு ஏக்கரு போயிருக்குமா?" என்று கேட்டேன்.

"போயிருக்கும்மா."

"முன்னால?"

அவள் பையை மறு கைக்கு மாற்றினாள். தூரத்தில் பஸ் தெரிந்தது.

"என்னப் பொறுத்துக்க கண்ணு" என்றேன்.

"இன்னைக்குக் கேக்காதம்மா" என்றாள். குரலில் கோபம் இல்லை. களைப்புத்தான் இருந்தது. "இன்னைக்குக் கேட்டா, நான் சிஸ்டரு, பொறுத்துக்கிட்டேன்னு சொல்லிப்போடுவேன். அது பொய்யா இருக்கும். நாளைக்குக் கேளு."

பஸ் நின்றது. ஏறினேன். பையை ஜன்னல் வழியாகக் கொடுத்தாள். மூன்றே கால் ரூபாய் டிக்கெட். வடவள்ளி, காந்திபுரம், அங்கிருந்து ஒன்றரை ரூபாயில் சிங்காநல்லூர். வழியெல்லாம் பக்கத்தில் உட்கார்ந்தவர்கள் எங்கே போய் வருகிறீர்கள் என்று கேட்டார்கள். மகளைப் பார்க்க என்று மட்டும் சொன்னேன். எத்தனை ஏக்கர் என்று சொல்லவில்லை.

மறுநாள் சனிக்கிழமை. அங்கே இருந்திருந்தால் கேட்டிருப்பேன். நான் எங்கள் வீதியில் இருந்தேன்.